தங்கையின் சோர்வுக்கு மரபணு காரணமா, எதிர்ப்பு சக்தி காரணமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு 2021 மே மாதம் கொரோனா வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது, ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனாள், அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தாள், மறுநாளிலிருந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த மருத்துவர் 'குரோனிக் ஃபட்டீக் சின்ட்ரோம்', அதாவது நாள்பட்ட சோர்வு நோய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிரிட்டனில் இந்த நோய்க்கு எட்டு மரபணுக்களைக் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி பார்த்தீர்கள். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், அதனால் வந்ததா? மரபணு டெஸ்ட் எடுக்கலாமா? எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் ஊசி என்று ஒருவர் சொல்கிறார், போடலாமா? இவை நீங்கள் எழுதிய மூன்று கேள்விகள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சித்தி இதெல்லாம் மனசுதான் என்கிறார், சில நாள் எனக்கும் அப்படித் தோன்றுகிறது." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. 18 வருடமாக நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, வகைப்படுத்தி எண்ணி, அவை தங்கள் வேலையைச் செய்கின்றனவா என்று பார்ப்பதுதான் தினசரி. உங்கள் தங்கைக்கு இருப்பது இந்த நோய்தானா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆராய்ச்சி எங்கே நிற்கிறது, அதில் எதை நம்பலாம், எதை இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களில் ஒரு பகுதியினர், ஏதாவது ஒரு தொற்று வந்து போன பிறகு இந்த நிலைக்குப் போகிறார்கள். இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரில் நடந்தது, 2006-ல் வெளியானது. அந்த வட்டாரத்தில் மூன்று வெவ்வேறு தொற்று வந்த 253 பேரை நோய் தொடங்கியதிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஒன்று எப்ஸ்டீன்-பார் வைரஸ், காய்ச்சலும் தொண்டை வலியும் தருவது. இன்னொன்று ராஸ் ரிவர் வைரஸ், கொசு மூலம் பரவுவது, நம் ஊர் சிக்குன்குனியாவுக்குப் பங்காளி முறை. மூன்றாவது கியூ காய்ச்சல், ஆடு மாடுகளிடமிருந்து வரும் பாக்டீரியா. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கிருமிகள். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மூன்று கூட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில், மொத்தத்தில் 100-க்கு 11 பேர் நாள்பட்ட சோர்வு நோயின் வரையறைக்குள் வந்திருந்தார்கள். யாருக்கு இப்படி ஆகும் என்பதை முன்கூட்டிக் காட்டியது எது தெரியுமா? முதலில் வந்த காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான். அவர்களுடைய வயதோ, முன்பு மனச்சோர்வு இருந்ததா என்பதோ அல்ல. கொரோனாவுக்குப் பிறகும் இதே கதைதான். அமெரிக்காவில் பல ஆயிரம் பேரைப் பின்தொடரும் ரிகவர் ஆய்வில், தொற்று வந்தவர்களில் 4.5 சதவீதம் பேர் இந்த நோயின் வரையறைக்குள் வந்தார்கள். தொற்று வராதவர்களில் 0.6 சதவீதம்.

சித்திக்குச் சொல்ல இதுவே போதும். ஆனால் மரபணு ஆய்வு இதற்கு இன்னொரு சாட்சியைக் கொண்டுவந்திருக்கிறது. அதனால் நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன்.

அந்த ஆய்வின் பெயர் டிகோட்எம்இ. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பாண்டிங் என்ற மரபணு விஞ்ஞானியின் தலைமையில், நோயாளிகளும் சேர்ந்து வடிவமைத்த ஆய்வு. 2020-ல் பிரிட்டிஷ் அரசின் ஆராய்ச்சி அமைப்புகள் 32 லட்சம் பவுண்டு கொடுத்தன. இதில் என்னை மிகவும் தொட்ட விஷயம் மாதிரி சேகரித்த விதம். இந்த நோய் முற்றியவர்களால் மருத்துவமனைக்கு வர முடியாது. ஜன்னல் திரையை மூடிக்கொண்டு இருட்டு அறையில் வருடக்கணக்கில் படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் பெரும்பாலான ஆய்வுகளில் அவர்கள் கணக்கில் வருவதில்லை. டிகோட்எம்இ ஒரு சிறிய குழாயைத் தபாலில் அனுப்பியது. படுத்தபடியே அதில் எச்சிலைச் சேகரித்து, மூடி, திருப்பி அனுப்பினால் போதும். அப்படித்தான் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தார்கள்.

2025 ஆகஸ்டில் முதல் முடிவு வந்தது. 15,579 நோயாளிகளின் மரபணுவையும், நோய் இல்லாத 2,59,909 பேரின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். நம் எல்லோருடைய மரபணு வரிசையிலும் லட்சக்கணக்கான இடங்களில் ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். அந்த ஒவ்வொரு இடத்திலும், நோயாளிகளிடம் எந்த எழுத்து கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது என்று எண்ணுவதுதான் இந்த முறை. அப்படி எண்ணியதில், தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வேறுபாடு எட்டு இடங்களில் கிடைத்தது. செய்தியில் 'எட்டு மரபணு' என்று போட்டுவிட்டார்கள். அது சரியில்லை. எட்டு இடங்கள் என்பதுதான் சரி. தெரு எது என்று தெரிந்திருக்கிறது, அந்தத் தெருவில் எந்த வீடு என்று இன்னும் தெரியாது. ஒவ்வோர் இடத்தின் அக்கம்பக்கத்திலும் பல மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் இதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலவற்றைக் குறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குறித்தவற்றில் மூன்று, தொற்று வரும்போது உடல் காட்டும் எதிர்வினையோடு தொடர்புள்ளவை. பிடிஎன்2ஏ2 என்ற மரபணு, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் போகாமல் அடக்கி வைப்பதில் பங்குள்ளது. ஓஎல்எஃப்எம்4 என்பது பாக்டீரியா தொற்றின்போது முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில் அணுக்களில் வேலை செய்வது. மூன்றாவது, ஆர்ஏபிஜிஏபி1எல், செல்லுக்குள் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதில் பேசப்படுவது. இன்னோர் இடம் சிஏ10 என்ற மரபணுவின் பக்கத்தில் இருக்கிறது. நாள்பட்ட உடல்வலி உள்ளவர்களின் மரபணு ஆய்விலும் முன்பே தலைகாட்டிய இடம் அது. ஆக, ஒரு பக்கம் எதிர்ப்பு மண்டலம், ஒரு பக்கம் நரம்பு மண்டலம். மனச்சோர்வு, பதற்ற நோய் ஆகியவற்றின் மரபணு ஆய்வுகளோடு இந்த எட்டு இடங்களையும் வைத்துப் பார்த்தபோது ஒன்றுபடவில்லை. இது முக்கியம். ஒரு மனிதர் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிற விஷயம் மரபணு எழுத்து. பின்னால் வரும் கவலையோ, வேலை அழுத்தமோ, மாமியார் கொடுமையோ அதை மாற்ற முடியாது. அப்படிப்பட்ட எழுத்தில் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரிகிறது என்றால், 'எல்லாம் மனசுதான்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இனி இதில் எவ்வளவு நிச்சயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேறு ஆய்வுகளின் தரவிலும் இதே இடங்கள் வருகின்றனவா என்று சரிபார்த்தபோது, முடிவு ஒத்துப்போகவில்லை. அந்தத் தரவுகளில் நோயாளிகளை வேறு விதமாக, தளர்வாக வரையறுத்திருந்தார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். டிகோட்எம்இ-யில், வேலை செய்த பிறகு உடல் விழுந்துவிடும் அறிகுறி இருந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். இன்னொன்று, ஒப்பிட்ட எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் மக்களிடம் இந்த எழுத்துகள் எந்த அளவில் இருக்கின்றன, அதே விளைவைத் தருகின்றனவா என்பதற்கு இந்த ஆய்வில் பதில் கிடையாது. இதில் பங்கேற்றவர்களில் 83.5 சதவீதம் பெண்கள் என்று 2023-ல் அதே குழு கணக்குக் கொடுத்தது. பெண்களுக்கு ஏன் இவ்வளவு அதிகம் வருகிறது என்பதற்கு இந்த எட்டு இடங்களும் விளக்கம் தரவில்லை. ஆண் பெண் இருவரிடமும் அவை ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

சரி, சொந்தத்தில் கல்யாணம். இந்தப் பயத்தை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம். நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் வரும் ஆபத்து வேறு வகை. ஒரே ஒரு மரபணுவில் பழுது, அது அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் பழுதாக வந்தால்தான் நோய். தலசீமியா மாதிரி. அப்படிப்பட்ட நோய்களில் உறவுத் திருமணம் நிச்சயமாகப் பங்கு வகிக்கிறது. டிகோட்எம்இ கண்டவை அந்த மாதிரி பழுதுகள் இல்லை. உங்களுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம், தெருவில் போகும் பாதிப் பேருக்கு இருக்கலாம் என்ற அளவுக்குச் சாதாரணமான எழுத்து மாற்றங்கள். ஒவ்வொன்றும் வாய்ப்பை ஒரு இம்மி கூட்டுகிறது. அத்தனையும் உள்ளவர் வாழ்நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்துகொண்டிருக்கலாம், ஒன்றும் பெரிதாக இல்லாதவர் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு படுத்துவிடலாம். அம்மா இரவு தூங்காமல் 'நாங்கள் செய்த தப்பு' என்று அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் பெற்றோரின் திருமணம் இதற்குக் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது.

குடும்பத்தில் ஓடுமா என்றால், கொஞ்சம் ஓடுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பல தலைமுறை வம்சாவளிப் பதிவுகளை மருத்துவப் பதிவுகளோடு இணைத்து 2011-ல் பார்த்தார்கள். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.7 மடங்கு இருந்தது. ஒரே வீட்டில் வளராத மூன்றாம் நிலை உறவினர்களுக்குக்கூட ஏறக்குறைய 2 மடங்கு. பழக்கவழக்கம், சாப்பாடு என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு அந்தக் கடைசி எண்தான் வலுவான காரணம். ஆனால் மடங்கு என்ற சொல் பயமுறுத்தும். அமெரிக்காவில் 2021, 2022 ஆண்டுகளில் எடுத்த கணக்குப்படி பெரியவர்களில் 1.3 சதவீதம் பேர் இந்த நோய் இருப்பதாகச் சொன்னார்கள். அதை 2.7-ஆல் பெருக்கினாலும் 100-க்கு மூன்று நான்கு பேர்தான். அதாவது உங்களுக்கோ, நாளைக்கு உங்கள் தங்கைக்குப் பிறக்கும் குழந்தைக்கோ வராமல் இருக்கவே வாய்ப்பு மிக மிக அதிகம்.

இப்போது எதிர்ப்பு சக்தி. இது என் துறை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த நோயில் முதலில் அடிபட்ட பெயர் என்கே செல், இயற்கைக் கொல்லி செல் என்பார்கள். வைரஸ் புகுந்த செல்லையும் புற்று செல்லையும் கண்டவுடன் கொல்வது அதன் வேலை. நாள்பட்ட சோர்வு நோயாளிகளிடம் இந்தச் செல்கள் மந்தமாக இருக்கின்றன என்று 1980-களின் கடைசியிலிருந்து பல ஆய்வகங்கள் எழுதியிருக்கின்றன. அதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். கே562 என்று ஒரு ரத்தப் புற்றுநோய் செல் வகை, ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக வளர்த்து வரப்படுவது. அதற்குள் கொஞ்சம் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றிக்கொள்வோம். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை அணுக்களை அதோடு சேர்த்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் நாலு மணி நேரம் வைப்போம். என்கே செல் எத்தனை கே562 செல்லைக் கொன்றதோ, அத்தனைக்கு ஏற்ப குரோமியம் வெளியே கசியும். அதை எண்ணினால் கொல்லும் திறன் தெரிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு நுணுக்கம் என்று. காலை 9 மணிக்கு எடுத்த ரத்தத்தை 11 மணிக்குச் செய்தால் ஒரு விடை. அதே ரத்தத்தை ஐஸ் பெட்டியில் போட்டு, கூரியரில் அனுப்பி, மறுநாள் செய்தால் வேறு விடை, பெரும்பாலும் குறைந்த விடை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஆளின் இரண்டு குழாய்களை அன்றைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று என்று செய்து பார்க்கச் சொன்னார்கள். மறுநாள் வந்த எண்ணைப் பார்த்தவர் யாராக இருந்தாலும், அந்த ஆளுக்கு ஏதோ பெரிய குறைபாடு என்று எழுதியிருப்பார். அந்த ஆள் எங்கள் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த, தினமும் சைக்கிளில் வந்து போன ஆரோக்கியமான பையன். நோயாளியின் ரத்தம் தூரத்திலிருந்து வந்து, ஒப்பிடும் ரத்தம் பக்கத்து மேசையிலிருந்து வந்தால் முடிவு எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2019-ல் லண்டனில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியினர், நோயாளிகளிடமும் மற்றவர்களிடமும் ஒரே முறையில் சேகரித்த மாதிரிகளை வைத்துப் பெரிய அளவில் பார்த்தபோது என்கே செல்லின் திறனில் வேறுபாடு கிடைக்கவில்லை. வேறு சில டி செல் வகைகளில்தான் மாற்றம் தெரிந்தது. அதனால் என்கே செல் விஷயத்தை 'இருக்கலாம், ஆனால் நிலைநாட்டப்படவில்லை' என்ற பக்கத்தில்தான் நான் வைப்பேன். தனியார் ஆய்வகத்தில் 'என்கே செல் டெஸ்ட்' எடுத்து வாருங்கள் என்று யாராவது சொன்னால், அந்த எண்ணை வைத்து உங்கள் தங்கைக்கு எந்த முடிவும் எடுக்க முடியாது.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது டி செல், பி செல் (ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்துக்கு மூலமான வெள்ளை அணு) பக்கம் வரும் செய்திகள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் தொற்றுக்குப் பின் நோய் வந்த 17 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, மூளை நீர் முதல் தசை வரை எல்லாவற்றையும் அளந்து 2024-ல் வெளியிட்டார்கள். அதில் புதிய, இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத பி செல்கள் கூடுதலாகவும், சந்தித்துப் பழகிய ஞாபக பி செல்கள் குறைவாகவும் இருந்தன. டி செல்களில் சில, நெடுநாள் போராடிக் களைத்துப்போன செல்களின் அடையாளத்தைக் காட்டின. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாரீன் ஹான்சன் குழுவினரும் தனியாகச் செய்து, களைத்த டி செல்களையே கண்டார்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆட்களிடம் ஒரே திசையில் விடை வருவது நல்ல அறிகுறி. ஆனாலும் 17 பேர் என்பது 17 பேர்தான். அது ஒரு திசையைக் காட்டும், தீர்ப்பு சொல்லாது.

அவசரப்பட்டுத் தீர்ப்பு சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நோயின் வரலாற்றிலேயே இரண்டு பாடம் இருக்கிறது. 2009-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் 101 நோயாளிகளில் 68 பேரிடம் இருக்கிறது, மற்றவர்களில் 218 பேருக்கு 8 பேரிடம்தான் இருக்கிறது என்றார்கள். உலகம் முழுக்க நோயாளிகள் அழுதார்கள், கடைசியில் காரணம் கிடைத்துவிட்டது என்று. சிலர் எச்ஐவி மருந்துகளைக்கூட வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள். அப்புறம் பார்த்தால் அந்த வைரஸ் மனிதர்களிடமிருந்து வந்ததே இல்லை, ஆய்வகத்தில் எலிகளின் வழியாக வளர்த்த செல்களில் உருவாகி, மாதிரிகளில் கலந்துவிட்டது. 2011 டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின், 147 நோயாளிகளையும் 146 மற்றவர்களையும் வைத்து, முதல் கட்டுரையை எழுதியவர்களையும் சேர்த்துக்கொண்டே மறுபடி தேடினார். ஒருவரிடமும் இல்லை.

இரண்டாவது நார்வேயில். பெர்கன் நகரில் ஹௌகெலாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒய்ஸ்டைன் ஃப்ளூகே, ஓலாவ் மெல்லா என்று இரண்டு புற்றுநோய் மருத்துவர்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த ஒருவருக்கு, முன்பே இருந்த நாள்பட்ட சோர்வு நோயும் கொஞ்ச காலம் விலகியதைக் கவனித்தார்கள். பி செல்லை அழிக்கும் மருந்தால்தான் அது நடந்ததோ என்று யோசித்து, ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை 30 பேரிடம் சோதித்தார்கள். 2011-ல் வந்த முடிவில் மருந்து பெற்ற 15 பேரில் 10 பேர் தேறினார்கள், வெறும் உப்புநீர் ஏற்றப்பட்ட 15 பேரில் இருவர். உடனே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நார்வேயின் ஐந்து மருத்துவமனைகளில் 151 பேரிடம், யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாமல், நோயாளிக்கும் தெரியாமல் மறுபடி செய்தார்கள். 2019-ல் வந்த முடிவு: மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம் தேறினார்கள், மருந்தே இல்லாதவர்களில் 35 சதவீதம். தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு தோற்றதைத் தாங்களே ஊரறிய எழுதினார்கள். அந்த இருவர் மீதும் எனக்கு மிகப் பெரிய மரியாதை உண்டு.

அவர்கள் அதோடு விடவுமில்லை. ரிட்டுக்ஸிமாப் பி செல்லைத்தான் அழிக்கும். பி செல் முதிர்ந்து எலும்பு மஜ்ஜையில் போய் உட்கார்ந்து, வருடக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்லை அது தொடாது. தன் உடலையே தாக்கும் தவறான ஆன்டிபாடிகள்தான் நோய்க்குக் காரணமென்றால், ஊற்றை அடைக்காமல் வாய்க்காலை மட்டும் அடைத்த மாதிரி ஆகியிருக்கும். அதனால் மைலோமா என்ற புற்றுநோய்க்குப் பயன்படும் டாராடுமுமாப் மருந்தை, பிளாஸ்மா செல்லைக் குறிவைப்பதை, எடுத்தார்கள். 2025-ல் 10 பெண்களிடம் செய்த முதல் சோதனையில் 6 பேர் குறிப்பிடத்தக்க அளவில் தேறினார்கள். தேறாதவர்களிடம் தொடக்கத்திலேயே என்கே செல் எண்ணிக்கை குறைவாக இருந்தது. எனக்கு இது சுவாரசியமாக இருக்கிறது, ஏனென்றால் டாராடுமுமாப் பிளாஸ்மா செல்லைக் கொல்ல என்கே செல்லின் உதவி வேண்டும். ஆனால் இதிலும் ஒப்பிட மருந்தில்லாத குழு கிடையாது, 10 பேர்தான். ரிட்டுக்ஸிமாப் 15-க்கு 10 என்று தொடங்கித்தான் முடிவில் தோற்றது. மருந்தில்லாத குழுவோடு ஒப்பிடும் சோதனையின் முடிவு வரும்வரை இது ஒரு நம்பிக்கை மட்டுமே. யாராவது இதை உங்களுக்கு இப்போதே விலைக்குத் தருவதாகச் சொன்னால் வேண்டாம்.

ஆக, உங்கள் கேள்விகளுக்கு நேரான பதில். மரபணு டெஸ்ட் வேண்டாம். இந்த நோயைச் சொல்லும் மரபணு டெஸ்ட் உலகத்தில் எங்கும் இல்லை. காசு கொடுத்து எடுத்தாலும் கையில் வரும் தாளால் தங்கையின் வைத்தியத்தில் ஒரு மாத்திரைகூட மாறாது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் ஊசியும் வேண்டாம். எதிர்ப்பு சக்தி என்பது குறைந்தால் ஊற்றி நிரப்புகிற தண்ணீர்த் தொட்டி இல்லை. மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால், இந்த நோயில் அதன் ஒரு பகுதி ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டும், இன்னொரு பகுதி களைத்துப்போயும் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. எதைத் தட்டி எழுப்புகிறோம் என்று தெரியாமல் தட்டி எழுப்புவது ஆபத்து. அந்தப் பணத்தை வேறு ஒன்றுக்குச் செலவிடுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, பி12, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, உட்கார்ந்து எழும்போது நாடித்துடிப்பு எகிறுகிறதா, இவையெல்லாம் உண்மையிலேயே பார்க்கப்பட்டனவா என்று ஒரு பொது மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'நார்மல்' என்று சொன்ன கோப்பில் எதெல்லாம் இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். இவற்றில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், அது வைத்தியம் உள்ள விஷயமாக இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கே அவளுக்குப் பயன்படக்கூடியது இதுதான். "தினமும் அரை மணி நேரம் நடக்க வைக்கிறோம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம்" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், ஒரு காலத்தில் மருத்துவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிரிட்டனில் 641 பேரிடம் நடந்த பேஸ் என்ற ஆய்வு 2011-ல் அதற்கு ஆதாரம் என்று காட்டப்பட்டது. பிறகு அதன் கணக்கிடும் முறை கடுமையாகக் கேள்விக்குள்ளானது. 2021 அக்டோபரில் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கல்யாணத்துக்குப் போய் வந்து மறுநாள் விழுந்தாளே, அதுதான் இந்த நோயின் கையெழுத்து. உழைத்த உடனே தெரியாது, பல மணி நேரமோ ஒரு நாளோ தள்ளித்தான் தாக்கும். ஒரே ஆளை அடுத்தடுத்த இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கவைத்து அளந்த ஆய்வுகளில், சோம்பேறியாக இருந்து உடம்பு தளர்ந்தவர்கள் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவு செய்கிறார்கள். இந்த நோயாளிகளின் அளவோ இரண்டாம் நாள் இறங்கிவிடுகிறது. நடிக்க முடியாத அளவுகள் அவை.

அதனால் நடையை நிறுத்திவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம். காலையில் எழுந்தது, குளித்தது, சமையலறையில் நின்றது, போனில் பேசியது, யார் வந்து போனார்கள் என்று நேரத்தோடு எழுதுங்கள். அவள் எழுத வேண்டாம், எழுதுவதும் உழைப்புதான், நீங்கள் எழுதுங்கள். விழுந்த நாளிலிருந்து இரண்டு நாள் பின்னால் போய், அன்றைக்கு என்ன செய்தாள் என்று பாருங்கள். எந்த அளவைத் தாண்டினால் விழுகிறாள் என்பது பத்துப் பதினைந்து நாளில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அந்த அளவுக்குக் கீழேயே நிறுத்துங்கள், நன்றாக இருக்கிற நாளிலும். குளிக்கும்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அடுப்படியில் ஒரு நாற்காலி, தலைக்குக் குளிக்கிற நாளில் வேறு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டுபோய், விழுந்த நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டுங்கள்.